அயலவரின் ஆலயமும் நமது கடமையும்

(ஜமாஅத்தின் வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

கத்தோலிக்க சகோதரர்களின் பங்குப் பணியைப் பற்றிப் பள்ளிவாசலில் நாம் பேசுவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரே கடலையும் ஒரே சந்தையையும் நம்பி வாழும் கரையோர மக்கள் ஒருவரையொருவர் அறியாதிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை நீர்கொழும்பு நமக்கு உணர்த்தியுள்ளது.

'சின்ன ரோமாபுரி' என அழைக்கப்படும் அந்நகரில் கத்தோலிக்கருடன் முஸ்லிம்களும் பௌத்தர்களும் இந்துக்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இக்கொடுமை இஸ்லாத்தின் பெயரால் இழைக்கப்பட்டது என்பது நம் நெஞ்சில் தைத்த முள்ளாகும். அக்கொலையாளிகளின் உடல்களை நமது மையவாடிகளில் ஏற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

இரண்டு வாரங்கள் கழிந்து, மே 5ஆம் திகதி, நீர்கொழும்பில் முஸ்லிம்களின் வீடுகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அப்போது கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் அவர்கள் நேரில் வந்து, பள்ளிவாசலுக்கும் சென்று, முஸ்லிம் ஒருவருக்கேனும் தீங்கிழைக்க வேண்டாமெனத் தம் மக்களை வேண்டிக்கொண்டார். மே 13ஆம் திகதி மினுவாங்கொட முதலிய ஊர்களில் நம்மவரின் கடைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. எனினும், பிள்ளைகளை அடக்கம் செய்த கண்ணீர் உலருமுன், பழிவாங்காதீர் என்று தம் மக்களிடம் கூறுவது எளிய காரியமா?

அத்தகைய சொல்லுக்கு மதிப்பு ஒரு நாளில் உண்டாவதில்லை. ஆயரால் நியமிக்கப்படும் பங்குத்தந்தை தமது பங்கிலேயே தங்கி வாழ்கிறார். ஞானஸ்நானம், திருமணம், நோயாளர் சந்திப்பு, அடக்கம் என ஒவ்வொரு குடும்பத்தின் இன்ப துன்பங்களிலும் அவர் இருக்கிறார். 1833இல் பாரிஸில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையின் அங்கத்தவர்கள் ஏழைகளின் வீடு தேடிச் செல்கின்றனர். கேட்க நாணி ஒதுங்கியிருக்கும் ஏழையைக் கண்டறிந்து கொடுப்பது நமது மார்க்கமும் வலியுறுத்திய கடமையன்றோ? பைத்துல்மாலின் வாசலுக்கு வருவோருக்கு மட்டும் கொடுப்பதுடன் அக்கடமை நிறைவேறிவிடாது.

நஜ்ரான் தேசத்துக் கிறிஸ்தவத் தூதுக்குழுவினரை நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் வரவேற்றதையும், அவர்கள் அங்கேயே தம் முறைப்படி வணங்க இடமளித்ததையும் ஸீறா நூல்கள் பதிவு செய்துள்ளன. அல்-ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் தேவாலயங்களையும் மஸ்ஜிதுகளையும் ஒரே வரிசையில் வைத்து, அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றிப் பேசுகின்றது. நமது அகீதாவில் விட்டுக்கொடுப்பு இல்லை. அவர்களுடைய வணக்கத்தில் நாம் பங்கேற்பதுமில்லை. ஆனால் அயலவரின் உரிமை அகீதாவுக்கு எதிரானதன்று, அதன் கனியாகும்.

ஆகவே மூன்று காரியங்களை இச்சபையின் முன் வைக்கின்றோம். முதலாவது, நமது நிர்வாகிகள் அருகிலுள்ள பங்குத்தந்தையை அமைதியான நாட்களிலேயே சந்தித்துப் பழக வேண்டும். கலவர இரவில் முதன்முதலாக அறிமுகம் தேடுவது பயன் தராது. இரண்டாவது, மஹல்லாவின் நோயாளர், விதவையர், கடலுக்குச் சென்று திரும்பாதோரின் குடும்பங்கள் ஆகியோரை மாதமொருமுறை வீடு சென்று காண ஒரு குழு அமைய வேண்டும். அயல்வீடு எந்தச் சமயத்தவருடையதாயினும் அது விடுபடலாகாது. மூன்றாவது, மார்க்கத்தின் பெயரால் வெறுப்பை விதைப்போர் நம் பிள்ளைகளை நெருங்குமுன், மத்ரஸாவிலேயே அயலவர் உரிமைப் பாடம் கற்பிக்கப்பட வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் கரையையும் அயலவரையும் பாதுகாத்து, சொன்னவற்றின்படி நடக்க நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.