17 வெள்ளிக்கு ஒரு நிலம்



மாமா தம் பழைய காரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்க ஆசை, பின்னால் மனக்கசப்பு வருமோ என்று பயம். "நமக்குள்ளே எதற்குப் பத்திரம்?" என்று விட்டுவிடுகிறோம்.

எரேமியா நூல் 32ஆம் அதிகாரத்தைப் பார்ப்போம். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. இறைவாக்கினரோ காவலில் இருக்கிறார். அப்போதும் சொந்தக்காரர் அனமேலிடம் அனத்தோத்து நிலத்தை முறையாகவே வாங்குகிறார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, மண்பாண்டத்தில் காக்கச் சொல்கிறார். இது சந்தேகமல்ல, உறவைக் காக்கும் நேர்மை.

நாமும் அப்படியே செய்வோம். வத்தலக்குண்டு மலைச்சாலையில் பிரேக்கை நம்பித்தானே குடும்பத்தோடு இறங்குகிறோம்? மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வாங்குவோம். விற்கும்போது குறையை மறைக்காமல் சொல்வோம். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டு, ஆர்.சி.யையும் இன்சூரன்சையும் தாமதமின்றி மாற்றுவோம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் சோம்பல் மாமாவைக் கோர்ட்டில் நிறுத்தக் கூடாது.

விலையைக் குறைப்பது அவர் அன்பு. கணக்கை நேராக்குவது நம் அன்பு. நமக்குக் கட்டுபடியாகாது என்றால், "வேண்டாம் மாமா" என்று இப்போதே பணிவாய்ச் சொல்வதும் அன்பே.

இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.