பரவிய மார்புப் புற்றுநோயும் நவீனப் படப் பரீட்சையும்

(ஸ்ரீரங்கத்தில் நமது சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மார்பில் தோன்றிய புற்றுநோய் எலும்பு, நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவிய பின்னர் எந்தச் சிகிச்சை தகும் என்பதே யான் எடுத்துக்கொண்ட விஷயம். இதனைச் சபையிற் பேசக் கூசுவோர் நம்மில் உளர். நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாது, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை ஸ்தாபித்தார். அவர் கூசியிருந்தால் நம் கதி யாதாகும்?

மார்புப் புற்றுக்களிற் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் வளர்வன. அதனை ஏற்கும் ஏற்பிகள் அவ்வணுக்களில் இருப்பின், ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளால் நோயைப் பல காலம் அடக்கி வைக்கக் கூடும். இல்லையேல் அம்மருந்துகள் வீணே. மார்பில் இருந்த ஏற்பி, பரவிய இடத்தில் இல்லாதொழிதலும் உண்டு. ஒவ்வோரிடத்திலும் சதை எடுத்துச் சோதிப்பது இயலுமோ?

மலைக்கோட்டை உச்சியினின்று காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். பகலில் வீடுகள் தெரியும். உள்ளே ஆளுண்டா என்பது தெரியாது. சாதாரண ஸ்கேன் அத்தகையது. இரவிலோ விளக்கெரியும் வீடுகளே தெரியும். எப்.இ.எஸ். பெட் ஸ்கேன் என்பது இவ்விரவுப் பார்வை. ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருளில் கதிர்வீசும் ப்ளூரின் 18ஐச் சேர்த்து ரத்தக் குழாயில் ஏற்றுவர். ஏற்பியுள்ள புற்றுக்களில் அது தங்கிப் படத்தில் ஒளிரும். அமெரிக்காவில் 2020இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ப்ளூரின் 18இன் வீரியம் 110 நிமிஷத்திற் பாதியாகிவிடுமாதலால், முன்னதாகச் செய்து சேமித்து வைக்க இயலாது. எல்லா ஊர்களிலும் கிடைப்பதுமன்று.

குறைகளும் உள. கல்லீரல் இயல்பாகவே ஒளிர்வதால், கடைத்தெரு வெளிச்சத்தில் ஒரு வீட்டு விளக்கைப் பிரித்தறியாதவாறு, அங்குள்ள புற்று மறைந்துவிடும். டமாக்ஸிபென் உட்கொண்டோர்க்கு 8 வாரம் வரையிலும், புல்வெஸ்ட்ரன்ட் ஊசி கொண்டோர்க்கு 28 வாரம் வரையிலும் ஏற்பிகள் அடைபட்டிருக்கும். இருப்பதையே இல்லையெனப் படம் காட்டலாம். அதற்காக நாமே மருந்தை நிறுத்துதல் கூடாது. உண்ட மருந்தனைத்தையும் வைத்தியரிடம் ஒளியாமற் சொல்ல வேண்டும். சதைப் பரீட்சையும் இதனால் ஒழிந்துவிடாது.

முதற் பரீட்சைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். என் உறவினர் வீட்டில், நோய் தீர்ந்ததென்று எண்ணி, அதனைப் பழைய காகிதங்களோடு விற்றுவிட்டனர். ஆறு ஆண்டுகளுக்குப்பின் முதுகெலும்பில் நோவு கண்டபோது, வைத்தியர் முதலிற் கேட்டது அச்சீட்டையே.