ஐப்பசியும் கொடுவாவும்

மருதனார்மடச் சந்தியில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. செம்மண் தோட்டங்களே தெரியும். எனினும் காங்கேசன்துறை வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் யாழ்ப்பாணப் பரவைக்கடல் வந்துவிடும். சோளகம் ஓய்ந்து ஐப்பசி மழை விழுந்ததும் மாரிவெள்ளம் அங்கே இறங்குகிறது. உவர்நீர் கலங்குகிறது. கரையோரம் ஒதுங்கும் சிறுமீனையும் இறாலையும் தேடிக் கொடுவா வருகின்றது.

பொழுதுபடும் வேளையே அதற்கு உகந்தது. விளக்கொளி பட்டால் அதன் கண்கள் மாணிக்கம்போற் சிவந்து மின்னும். விழியின் பின்புறத்துள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதே காரணம். மங்கிய ஒளியிலும் இரையைக் காண்பதற்கு அதுவே துணை. தூண்டிற்காரர் உயிர் இறாலைக் கொளுவிவிட்டுக் கரையிற் காத்திருப்பர். தோள் வலிக்க வீச்சுவலை எறிபவருக்கு இது சோம்பற்றொழிலாகத் தோன்றலாம்!

அவுஸ்திரேலியர் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீன்தான். இதன் வாழ்க்கை விந்தையானது. பெரும்பாலும் இளமையில் ஆணாயிருந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறுகின்றது. ஆகவே தூண்டிலில் அகப்படும் மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணே. பல இலட்சம் முட்டைகள் இட வல்லது. ஊரார் புகழ்வதோ அதைப் பிடித்தவரைத்தான். நடுத்தர மீனோடு வீடு திரும்புபவரே உண்மையிற் கெட்டிக்காரர். பெரியதை விட்டுவிட எண்ணுபவர் அதை மணலிற் புரளவிடாது, நீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றுதல் வேண்டும்.