பொழுதும் நேரமும்



பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், கடல் கடந்து வாழும் கவிஞர்களோடும் இணையவழி ஒரே அரங்கில் அமர நம்மால் முடிகிறது. அத்தகைய அரங்கைத் திட்டமிடும்போது முதலில் எழும் வினா, 'எத்தனை மணிக்கு?' என்பது. எளியதாகத் தோன்றும் அவ்வினாவை இலக்கியக் கண்கொண்டு நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். நிலத்தை நீக்கிப் பொழுதைச் சொல்ல இயலாது என்பது இதனால் பெறப்படும். ஒரு நாளின் அறுபது நாழிகையைப் பத்துப் பத்தாகப் பகுத்து ஆறு சிறுபொழுதாக்கியது நம் மரபு. முல்லைப்பாட்டில், பாசறையில் உள்ள அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர் அளந்து பொழுதறிவிக்கின்றனர். இல்லிருக்கும் தலைவிக்கோ மழையும் மாலையுமே கணக்கு. கருவிகள் வேறாயினும் இருவருக்கும் வானம் ஒன்று. ஆதலால் கார்காலத்தில் மீள்வேன் என்னும் சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தந்தது.

இரயிலும் தந்தியும் வந்தபின் ஊர்தோறும் வேறுபட்ட நேரங்களை ஒப்பிட வேண்டிய தேவை எழுந்தது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் கைக்கொண்டன. அது கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து மணி 21 நிமிடம் முன்னிற்பது. 1906இல், 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு, ஐந்தரை மணி முன்னிற்கும் இந்தியப் பொதுநேரம் வந்தது. எனினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. நம் திருவண்ணாமலை ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், இங்குக் கதிரவன் உச்சி சேர்வது, சராசரியாக, கடிகாரம் பன்னிரண்டு காட்டி 14 நிமிடம் கழிந்த பின்னரே. பொழுது இயற்கை; நேரம் உடன்பாடு.

உடன்பாடு முறிந்தால் நேரமும் இரண்டாகும். அதற்குச் சான்று இலங்கை. மின்தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே மாதம் அந்நாட்டரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்னிழுத்தது. விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே தீவில், ஒரே வெயிலின்கீழ், பொழுது ஒன்று, நேரம் இரண்டு.

புலம்பெயர்ந்தோர் நிலை இதற்கு மறுதலையானது. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு நம் மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அக்கணத்தில் சிங்கப்பூரில் இரவு எட்டரை. சிட்னியில் இரவு பதினொன்றரை. இலண்டனில் பகல் பன்னிரண்டரை. டொராண்டோவில் காலை ஏழரை. கணம் ஒன்று, பொழுதுகள் பல. நமக்கு மாலையாக இருப்பது சிட்னியில் யாமம், இலண்டனில் நண்பகல். நண்பகல் பாலைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இலண்டனின் குளிர்கால நண்பகலில் பாலையின் வெம்மை இல்லை. பிரிவு மட்டும் இருக்கிறது.

இதனை மறந்து நம் அரங்குகளை எப்போதும் நம் மாலைக்கே அமைத்தோமானால், சிட்னி அன்பரின் உறக்கத்தையும் டொராண்டோ அன்பரின் காலைக் கடமைகளையும் நம் வசதிக்காக நாம் எடுத்துக்கொள்கிறோம். எனவே இவ்வட்டத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: அழைப்பிதழில் ஊர்தோறும் உரிய நேரத்தைத் தனித்தனியே அச்சிட வேண்டும். கோடையில் இலண்டன் ஒரு மணி முன்னேறுவதால் ஐந்தரை மணி வேறுபாடு நான்கரையாகிவிடும், மனக்கணக்கு உதவாது. முறைவைத்துச் சில அரங்குகளுக்கு நாமும் வைகறையில் எழ வேண்டும். குளிர்காலத்தில் டொராண்டோவின் இரவு எட்டு மணி நமக்கு மறுநாள் காலை ஆறரைதான். அஃது எழ இயலாத பொழுதன்று.

மற்றொன்று கவிஞர்களுக்கு. மாலை என்று எழுதுமுன் எந்நிலத்து மாலை என்று எண்ணுங்கள். உங்கள் கவிதையைப் படிப்பவர் வேறொரு பொழுதில் இருக்கிறார். அவருடைய பொழுதையும் ஒருமுறை வினவியபின் எழுதுங்கள். நேரத்தைக் கடிகாரம் ஒப்பிட்டுத் தரும். பொழுதை ஒப்பிட்டுத் தருவது கவிதையின் பணி.