புயல் வாரத்தில் பொரிந்த கோரி முட்டைகள்

போன எபிசோடுல புதுத் தொட்டியில தண்ணீரை எப்படிப் பழக்குறதுன்னு பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தீங்க. "கண்ணாடியில ஜவ்வரிசி மாதிரி என்னவோ ஒட்டியிருக்கு. துடைச்சிடவா, விட்டுடவா?"

முதல்ல அது என்னன்னு பாருங்க. ஜெல்லி மாதிரி ஒரு வழவழப்புக்குள்ள கூட்டமா புள்ளிகள் இருந்தா நத்தை முட்டை. தனித்தனியா, குண்டூசித் தலை அளவுல, தொட்டா கெட்டியா உருண்டையா இருந்தா, உங்க தொட்டியில அடியை மேய்ஞ்சுக்கிட்டிருக்கிற மீசை வெச்ச குட்டி மீன்கள் இருந்தா, அது கோரி முட்டை. துடைச்சிடாதீங்க.

கோரின்னு கடையில சுருக்கமா சொல்றது கோரிடோரஸ். தென் அமெரிக்க ஆறுகள்ல வாழுற குட்டிக் கெளுத்தி. நமக்குக் கெளுத்தின்னாலே குழம்புதான் ஞாபகம் வரும், ஆனா இது விரல் நீளம் கூட வளராது. உடம்புல செதில் கிடையாது. அதுக்குப் பதிலா ரெண்டு வரிசை எலும்புத் தகடு, கவசம் மாதிரி. பழைய ஆளுங்க சிலருக்கு இதைத் தெரியும். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல்ல போனப்போ தென் அமெரிக்காவுல பிடிச்சு அனுப்பின மீன்கள்ல இதோட ஒரு வகை இருந்தது. பெப்பர்டு கோரின்னு இப்ப விக்குறாங்களே, அதுதான். 2024ல விஞ்ஞானிகள் இந்தக் கூட்டத்தையே ஏழா பிரிச்சு, நாம 'கோரிடோரஸ்'னு கூப்பிட்ட பல மீன்களுக்கு வேற பேர் வெச்சுட்டாங்க. கொளத்தூர் கடைக்காரர்கிட்ட அந்தப் புதுப் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நாம கோரின்னே சொல்வோம்.

என்கிட்ட இருக்கிறது பிரான்ஸ் கோரி. ஆறு மீன், நாலு ஆண், ரெண்டு பெண். மேல இருந்து பார்த்தா பெண் அகலமா, வயிறு உப்பி இருக்கும், ஆண் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண் இருக்கிறது நல்லது.

இதுங்க முட்டை போடுறது மழையை நம்பி. அங்க மழைக்காலம் வந்து ஆத்துல குளிர்ந்த புதுத் தண்ணி இறங்கினா, குஞ்சுக்குச் சாப்பாடு கிடைக்கும்னு உடம்புக்குத் தெரியுது. அதனால வீட்டுத் தொட்டியில அந்த மழையை நாமதான் உண்டாக்கணும். ரெண்டு வாரம் நல்லா சாப்பாடு போட்டு, அப்புறம் பாதித் தண்ணியை எடுத்துட்டு, மூணு நாலு டிகிரி குளிர்ச்சியான ஆர்ஓ தண்ணியைக் கலந்து ஊத்தணும். நம்ம ஊர் போர் தண்ணியோட உப்புல இதுக்கு மனசு வராது. மே மாசத்துல நீங்க ஐஸ் பாட்டில் மிதக்க விட்டாலும் பெரும்பாலும் ஏமாத்தும். வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஒண்ணுமே செய்யாம இருந்தாலும் போடும். வானம் மூடி, காத்தழுத்தம் இறங்கும்போது போடுறதா வளர்க்கிற எல்லாரும் சொல்வாங்க.

எப்படிப் போடுதுங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆண் குறுக்க நிக்கும், பெண் அதோட வயித்துக்கிட்ட வாயை வைக்கும். மேல இருந்து பார்த்தா ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். அந்த நேரத்துல பெண் ஆணோட விந்தை வாயால குடிக்குது. ஆமா, குடிக்குது. ஜப்பான்ல ஆய்வாளர்கள் பெண் மீனோட வாய்கிட்ட நீலச் சாயத்தை விட்டுப் பார்த்தாங்க. சில விநாடிகள்ல அது குடல் வழியாகப் பின்பக்கம் வந்துடுச்சு. 1995ல அதைக் கட்டுரையா வெளியிட்டாங்க. வந்த விந்து, பெண் தன் அடித்துடுப்பு ரெண்டையும் கூப்பிப் பை மாதிரி பிடிச்சிருக்கிற ரெண்டு மூணு முட்டையில படுது. அப்புறம் அது மேல நீந்திப் போய் ஒரு இடத்தை வாயால சுத்தம் பண்ணி, முட்டையை ஒட்டிட்டு, அடுத்த சுத்துக்குத் திரும்பி வருது. மணிக்கணக்குல இது நடக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுட்டு அப்புறம் என்ன பண்ணும்? தின்னுடும். நம்ம கடல் கெளுத்தியைப் பாருங்க. அதுல அப்பா மீன் முட்டையை வாயிலயே வெச்சு, குஞ்சு வர்ற வரைக்கும் வாரக்கணக்குல பட்டினி கிடக்கும். அதே கெளுத்தி வம்சத்துல கோரி அம்மா தான் ஒட்டின முட்டையைத் தானே தேடிப் போய்ச் சாப்பிடும். அதனாலதான் முட்டையைத் தனியா எடுக்கச் சொல்றது.

ஒட்டின உடனே தொடாதீங்க, மென்மையா இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு, விரல் நுனியால மெதுவா உருட்டினா விரலோட ஒட்டிக்கிட்டு வந்துடும். பழைய ஏடிஎம் கார்டாலயும் வழிக்கலாம், எனக்கு விரல்தான் சரியா வருது. ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல அதே தொட்டித் தண்ணியை ஊத்தி, முட்டைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, ஏர் குழாய் ஒண்ணை மெல்ல குமிழி வர்ற மாதிரி விடணும். மெத்திலீன் புளூ ரெண்டு மூணு சொட்டு, தண்ணி வெளிர் நீலமா ஆகுற அளவுக்கு. பூஞ்சை பிடிக்காம இருக்கத்தான் இது. அந்த நீலத் தண்ணியைப் பெரிய தொட்டியில ஊத்தாதீங்க, ஃபில்டர்ல இருக்கிற நல்ல பாக்டீரியா செத்துடும். மருந்து வேண்டாம்னா தெருவுல விழுந்து கிடக்கிற நாட்டு வாதுமை இலையில காய்ஞ்சது ஒண்ணைக் கழுவிப் போடுங்க. தண்ணி டீ நிறம் ஆகும், வேலை செய்யும்.

மறுநாள் பார்த்தா வித்தியாசம் தெரியும். கரு பிடிச்சது பழுப்பாகும். பிடிக்காதது வெள்ளையாகி, பஞ்சு பஞ்சா ஆகும். அந்த வெள்ளையைத் தினமும் டிராப்பரால எடுத்துடணும், இல்லைன்னா பக்கத்து முட்டைக்கும் பரவிடும்.

சரி, இப்ப 2023 டிசம்பருக்கு வர்றேன். மிக்ஜாம் புயல். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து பார்த்தா பின்பக்கக் கண்ணாடி முழுக்க முட்டை. எண்ணி எடுத்தேன், தொண்ணூத்தி நாலு. வெளியே மழை ஆரம்பிச்சிருந்துச்சு. நாங்க இருக்கிறது பெரம்பூர்ல மூணாவது மாடி. திங்கக்கிழமை காலையில கரண்ட் போச்சு. தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி.

கரண்ட் இல்லைன்னா முட்டைக்கு என்ன ஆகும்னு கேப்பீங்க. முட்டையும் மூச்சு விடுது. அசையாத தண்ணியில அதைச் சுத்தி இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு. ஆனா வீட்டுல அம்மா, அப்பா, கீழ் வீட்டுல தண்ணி புகுந்ததால எங்களோட வந்து தங்கின ஒரு குடும்பம், அவங்க கைக்குழந்தை. எல்லார் போனும் சார்ஜ் ஆகணும், ராத்திரி ஒரு லைட் வேணும். "மனுஷனுக்கே கரண்ட் இல்ல, உனக்கு மீன் முட்டை கேக்குதா?"ன்னு அம்மா கேட்டாங்க. கேட்டதுல தப்பே இல்லை.

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அம்மா, ஒரு ஃபேன் எழுபது வாட் இழுக்கும். இந்த ஏர் பம்ப் மூணு வாட். ஃபேனை நிறுத்தினா பம்ப் நாள் கணக்குல ஓடும். மழைக் குளிர்ல ஃபேன் எதுக்கு? அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஆனா குழந்தைக்குக் கொசு கடிச்சா ஃபேன் போடுவேன், பம்ப்பைப் பிடுங்குவேன்னு நிபந்தனை. செவ்வாய்க்கிழமை ராத்திரி அதுதான் நடந்துச்சு. பேட்டரி கத்த ஆரம்பிச்சிருந்துச்சு, குழந்தை தூங்கலை, பம்ப்பை நானே கழட்டினேன்.

அப்புறம் கையாலதான். முட்டைகளை ஐஸ்கிரீம் டப்பாவுல இருந்து அகலமான எவர்சில்வர் தாம்பாளத்துக்கு மாத்தினேன். ரெண்டு விரக்கடை ஆழம்தான் தண்ணி. பரப்பு அதிகம், ஆழம் கம்மி, அப்போ காத்து தானா கலக்கும். முன்னாடியே பிடிச்சு வெச்சிருந்த ஒரு கேன் தண்ணியை மேசை மேல வெச்சு, ஏர் குழாய்ல முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டா தாம்பாளத்துல விழவிட்டேன். நிறைய நிறைய, எதிர்ப்பக்கம் கப்பால மொண்டு ஊத்தணும். நானும் அந்தக் கீழ் வீட்டு அண்ணனும் மாறி மாறி முழிச்சிருந்தோம். அவர் வீட்டுல ஃப்ரிட்ஜ் மிதந்துக்கிட்டிருக்கு, இங்க அவர் டார்ச் அடிச்சு வெள்ளை முட்டை பொறுக்குறார். "ஏதாவது ஒரு வேலை இருந்தா நல்லா இருக்கு தம்பி"ன்னார்.

புதன்கிழமை விடிகாலையில அவர்தான் எழுப்பினார். "தம்பி, ஒண்ணு ஆடுது." முட்டைக்குள்ள ஒரு வால் துடிக்கிறது டார்ச் வெளிச்சத்துல தெரிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள அறுபத்தி ஒண்ணு பொரிஞ்சிருந்துச்சு. கரண்ட் அன்னிக்கு ராத்திரி வந்துச்சு.

குஞ்சு வந்ததும் நிறைய பேர் சாப்பாடு போட ஓடுவாங்க. வேண்டாம். முதல் ரெண்டு நாள் வயித்துல இருக்கிற மஞ்சள் கரு பை போதும். இந்த நேரத்துல மெத்திலீன் புளூவைக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்திக் குறைச்சுடுங்க. மூணாவது நாள்ல இருந்து உயிர் உணவு. நான் முதல்ல குடுக்கிறது மைக்ரோ வார்ம். ஓட்ஸைக் கஞ்சியாக்கி ஆறவெச்சு, அதுல கொஞ்சம் பழைய கல்ச்சரைக் கலந்து மூடி வெச்சா, சில நாள்ல டப்பா ஓரமா நூல் நூலா ஏறும். கரண்டே தேவையில்லை. புளிச்ச மாவு வாசனை அடிக்கும், அம்மா ஒரு தடவை தோசை மாவுன்னு நினைச்சுத் திறந்துட்டாங்க. அந்தக் கதை இப்ப வேண்டாம். இந்தப் புழு தண்ணியில அடியில போய் உக்காரும், கோரிக் குஞ்சும் அடியிலதான் இருக்கும். பொருத்தம்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆர்டீமியா. ஒரு லிட்டர் தண்ணிக்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு 25 கிராம், நல்ல குமிழி, 28 டிகிரி சூடு இருந்தா 24 மணி நேரத்துல பொரியும். ஒரு பக்கமா டார்ச் காட்டுங்க, ஆரஞ்சு நிறத்துல வெளிச்சத்துக்கு வந்து கூடும். மேல மிதக்கிற ஓட்டை விட்டுட்டு, குஞ்சை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. சாப்பிட்ட குஞ்சோட வயிறு ஆரஞ்சா தெரியும், அதுதான் ஆதாரம்.

குஞ்சுகளைக் கொல்றது பசியை விட மிச்ச சாப்பாடுதான். ஏன்னா இது அடியிலயே படுத்திருக்கு, அழுகுறதும் அங்கதான். அதனால மண்ணே போடாத வெறும் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், தினமும் ஏர் குழாயால அடியை உறிஞ்சி வெள்ளை வாளியில விடணும். வெள்ளை வாளி எதுக்குன்னா, குஞ்சும் சேர்ந்து வந்துட்டா கண்ணுக்குத் தெரியும். புதுசா ஊத்துறது அதே சூட்டுல, குளோரின் போன தண்ணியா இருக்கணும். மெட்ரோ வாட்டர்னா ஒரு நாள் திறந்து வெச்சிடுங்க, இல்லைன்னா ஆன்டி குளோரின் விடுங்க.

ஒரு மாசத்துல தலைப்பிரட்டை மாதிரி இருந்தது நிஜமான கோரி ஆயிடும். மேல போய் ஒரு வாய் காத்தைக் குடிச்சுட்டு அம்பு மாதிரி கீழ இறங்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க, குடலாலயும் அது மூச்சு விடும். ரெண்டு மாசத்துல என்கிட்ட நாப்பத்தி மூணு மிச்சம்.

இப்பதான் யாரும் பேசாத பிரச்சினை. நாப்பத்தி மூணு மீனை என்ன பண்றது? "ஏரியில விட்டுடு, பாவம் பிழைச்சுக்கும்"னு சொன்னவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. சென்னையைச் சுத்தி ஏரிகள்ல வலை போடுறவங்ககிட்ட கேளுங்க. டேங்க் கிளீனர்னு சின்னதா வாங்கி, பெரிசானதும் யாரோ கொண்டுபோய் விட்ட சக்கர் மீன் இன்னிக்கு வலையைக் கிழிச்சுக்கிட்டிருக்கு, கரையைக் குடைஞ்சுக்கிட்டிருக்கு. அது கோரிக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை 2000லயே தடை பண்ணியும் அது நம்ம நீர்நிலைகள்ல இருக்கு. கோரியும் அப்படிப் பெருகும்னு நான் சொல்லலை. ஆனா விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நான் பன்னெண்டை வெச்சுக்கிட்டு, தொட்டி நல்லா பராமரிக்கிற நண்பர்களுக்கு ஆறு ஆறா குடுத்தேன். மிச்சத்தை ஒரு கடைக்காரர் எடுத்துக்கிட்டு மீன் சாப்பாடா குடுத்தார். பணக் கணக்குப் பார்த்தா நஷ்டம்தான். குடுக்கும்போது ஒண்ணு: கோரி பயந்தா துடுப்பு முள்ளை விறைச்சுப் பூட்டிக்கும், வலையில சிக்கும். அதனால கப்பால மொண்டு எடுங்க. பயத்துல ஒரு நஞ்சையும் கக்கும், மூடின கவருக்குள்ள அதுவே அதைக் கொன்னுடும். முதல்ல ஒரு வாளியில கொஞ்ச நேரம் விட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில, முள் குத்தி ஒழுகாம இருக்க ரெட்டைக் கவர்ல போட்டுக் குடுங்க.

கீழ் வீட்டு அண்ணன் வீடு காய ஒரு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு ரெண்டடித் தொட்டி வாங்கினார். தரையில வைக்கலை, இடுப்பு உயர ஸ்டாண்டு மேல. அதுல எட்டு கோரி இருக்கு. போன ஐப்பசி மழையில அதுங்களும் முட்டை போட்டுச்சு. இந்தத் தடவை ஒண்ணு ஆடுதுன்னு சொல்ல மாடியேறி வந்து என்னை எழுப்பினார்.

அடுத்த எபிசோடுல மைக்ரோ வார்ம் கல்ச்சரை வாடை இல்லாம எப்படி வைக்கிறதுன்னு பேசலாம். கேள்விகளை அனுப்புங்க.