தைத்த பின்பும் தாங்க வேண்டும்

(மருத்துவமனை நன்கொடையாளர் ஸ்தோத்திரக் கூட்டத்தில் போதகர் ஆற்றிய உரை)



வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சகோதரர்களைச் சந்திக்கிறோம். டேனரியின் ஈரத் தரையில் கால் வழுக்குகிறது. குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தது போல ஒரு வலி. சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தடவி நீவிக்கொள்கிறார்கள். தினக்கூலி அல்லவா? வேலையை விட முடியாது. மாதங்கள் சென்று, நொண்டியபடி வருகிறார்கள். அறுந்திருப்பது குதிகால் தசைநாண். நம் மக்கள் அதைக் குதிகால் நரம்பு என்பார்கள்.

உடனே வந்தால் அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். சிலருக்கு மாவுக்கட்டே போதும். பல வாரங்கள் கடந்தால் கெண்டைத்தசை மேலே சுருங்கி, நடுவே இடைவெளி விழுகிறது. அது சிறிதானால் தழும்பை நீக்கித் தைப்பார்கள். சற்றுப் பெரிதானால் மேற்பகுதியை 'வி' வடிவில் வெட்டிக் கீழே இறக்குவார்கள். இன்னும் பெரிதானால், கால் பெருவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதிகால் எலும்பில் பொருத்துவார்கள். பெருவிரல் கொஞ்சம் பெலன் இழக்கும்; ஆனால் பாதம் உந்தி நடக்கும். புண் ஆறாது என்று அஞ்சத்தக்க சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபரேஷனைத் தவிர்த்து, காலுக்குத் தாங்கி கொடுப்பதும் உண்டு.

ஒரு தசைநாணை மற்றொன்றின் வேலைக்குக் கொடுப்பது வேலூருக்குப் புதிதல்ல. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை இவ்விதமே நிமிர்த்தினார். ஆனால் குணமானவர்களுக்கு வேலை தருவாரில்லை. கை நேரானதால் பிச்சையும் குறைந்தது. ஆகவே நவஜீவ நிலையத்தை ஏற்படுத்தி, அவர்களுக்குத் தச்சுத் தொழில் கற்பித்தார். தையலோடு சுகம் முடிவதில்லை என்று கண்டவர் அவர்.

குதிகாலுக்கும் அப்படியே. ஆபரேஷனுக்குப் பின் பல வாரங்கள் கட்டு, பிறகு பல மாதங்கள் பயிற்சி. அதுவரை கூலி இல்லை. பசிக்குப் பயந்து முன்னதாகவே வேலைக்குத் திரும்பினால், தைத்தது மறுபடியும் அறுந்துபோகலாம். உங்கள் காணிக்கை ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டுமல்ல, அந்த மாதங்களின் அரிசிக்கும் பஸ் கட்டணத்துக்கும் வேண்டியிருக்கிறது.

மற்றொரு உதவியும் கேட்கிறோம். உங்களிடம் வேலை செய்கிறவர் யாராவது இப்படி விழுந்தால், நீவிவிடாமல் அன்றே அனுப்பிவையுங்கள்.

அலங்கார வாசலில் இருந்த சப்பாணிக்குக் கொடுக்கப் பேதுருவிடம் பணம் இல்லை. ஆனாலும் கைப்பிடித்து எழுப்பினார். நாமும் காணிக்கையோடு கையையும் நீட்டுவோமாக. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.