மீண்டும் மயான காண்டம்



ஒருமுறை கண்டு உள்ளத்தைப் பறிகொடுத்த நாடகத்தை மீண்டும் காணலாமா என்று ஐயுறுவோர் உண்டு. முதல் முறை கிட்டிய இன்பம் மறுமுறை குன்றிவிடுமோ என்பது அவர்கள் அச்சம். ராஜ்கோட்டில் சிறுவராயிருந்த காந்தியடிகளுக்கு அந்த அச்சம் இருந்ததில்லை. அரிச்சந்திர நாடகம் தமக்குச் சலித்ததே இல்லை என்றும், தனித்திருக்கையில் தாமே அரிச்சந்திரனாகப் பலமுறை நடித்துக்கொண்டதாகவும் அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நாம் அந்நாடகத்தை முதன்முதலாகக் கண்டது நாயுடுபேட்டையில். சென்னைக்கு வடக்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், சொர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். அன்று நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் தந்தையார் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு என்று வளர்ந்தோம்.

தெலுங்கர் இவ்வகை நாடகத்தைப் ‘பத்திய நாடகம்’ என்பர். கதை உரைநடையில் நகரும். உணர்ச்சி முற்றுமிடத்தில் நடிகர் செய்யுளை எடுத்து, ஹார்மோனியத்தின் துணையோடு இராகத்தை நீட்டிப் பாடுவார். அவையோர் “ஒன்ஸ்மோர்” என்று முழங்கினால், மாண்டு கிடப்பவனும் எழுந்து பாட வேண்டியதுதான்! தமிழருக்கும் இந்த மரபோடு உறவு உண்டு. பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு 1891இல் சென்னைக்கு வந்து நடித்ததைக் கண்ட ஊக்கமே பம்மல் சம்பந்த முதலியாரைச் சுகுண விலாச சபையைத் தோற்றுவிக்கச் செய்தது.

நாம் கண்டது பலிஜேபல்லி லட்சுமிகாந்தம் இயற்றிய நாடகம். 1990ஆம் ஆண்டுக் கோடை. நமக்கு வயது ஒன்பது. தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ்ப் பாய் விரித்து, தாய் தந்தையரிடையே அமர்ந்திருந்தோம். கடனை வசூலிக்க வந்த நட்சத்திரகன் அரசனைப் படுத்திய பாட்டைக் கண்டு சிரித்தோம். மயான காண்டம் வந்தபோது விடியற்காலம். அரவு தீண்டி இறந்த லோகிதாசனைச் சந்திரமதி சுமந்து வந்தாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன் அவளிடம் சுடலைக்குரிய கட்டணத்தைக் கேட்டான். அவ்வேளையில் நம் தந்தையார் எழுந்து வெளியே சென்றார். நாடகம் முடிந்தபின், சூடான வேர்க்கடலைப் பொட்டலத்துடன் திரும்பி வந்தார். உறக்கம் கலையத் தேநீர் பருகச் சென்றிருப்பார் என்றே எண்ணினோம்.

அந்நாடகத்தை மீண்டும் கண்டது 2024இல். தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி நமக்கு. விடுமுறையில் தாயாரை அவ்வூருக்கு அழைத்துச் சென்றபோது, திருவிழாவில் அதே நாடகம் அமைந்தது. இம்முறை பாயில்லை, நாற்காலிகள் இருந்தன. ஒலிபெருக்கி சற்று மிகையாகவே முழங்கிற்று. நட்சத்திரகனைக் கண்டு நமக்குச் சிரிப்பு வரவில்லை. தவணைக் கடன் கட்டிய அனுபவம் போலும்!

மயானச் செய்யுட்களை முன்பு அரிச்சந்திரனின் சொற்களாகவே கொண்டிருந்தோம். அவற்றுட் சில கவிஞர் குர்ரம் ஜாஷுவா தனியே பாடியவை என்பதையும், நடிகர்கள் அவற்றை நாடகத்தில் சேர்த்துக்கொண்டனர் என்பதையும் பின்னரே அறிந்தோம். தீண்டாமையின் கொடுமையை நேரில் அனுபவித்தவர் ஜாஷுவா. அரசனும் ஆண்டியும் சமமாகும் ஓரிடத்தைப் பற்றி அவர் எழுதியதை, மேல் கீழ் பாராட்டி வந்த ஊர்களே “ஒன்ஸ்மோர்” கேட்டு மகிழ்ந்தன. சொல்லுக்குச் சொல் தேடுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்செய்யுளை மொழிபெயர்க்கத் துணிவு பிறக்கவில்லை.

சந்திரமதி வந்தாள். கட்டணம் கேட்கப்பட்டது. தாயார் நம் கையைப் பற்றினார். “இந்த இடம் வந்தால் உன் அப்பா எழுந்து போய்விடுவார். எத்தனை முறை ஆடினாலும் இதுவரைக்கும்தான் பார்த்திருக்கிறார்” என்றார்.

நமக்கு முன் பிறந்து மூன்று வயதில் காய்ச்சலில் இறந்த ஒரு தமையன் உண்டென்பதை நாம் அறிவோம். தந்தையாரே அவனைச் சொர்ணமுகிக் கரைக்குச் சுமந்து சென்றார் என்பதையும், குழி வெட்டியவருக்குக் கொடுக்கக் கையில் காசின்றிக் கடன் கேட்டு நின்றார் என்பதையும் அன்றிரவுதான் அறிந்தோம்.

நாடகம் தொடர்ந்தது. மனைவியை வெட்ட ஓங்கிய வாள் மாலையாயிற்று. தேவர் தோன்றினர். லோகிதாசன் உறங்கி விழித்தவன்போல் எழுந்து அமர்ந்தான். அவையில் குழந்தைகள் கைதட்டினர்.

அந்தக் காட்சியை நம் தந்தையார் ஒருநாளும் பார்த்ததில்லை. தாயார் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அவர் அருகில் இறுதிவரை அமர்ந்திருந்தோம்.